பிஸ்மார்க் பனைக்குக் கீழே ஒரு ஆள் நிழல்

சுருளக்குளம் பனை வளர்ப்போர் சங்கத்து ஆட்களின் நிழல்கள் பனை நிழல்களாக மாறியது சித்திரை இரண்டாம் ஞாயிறு, காலை ஒன்பதே காலுக்கு. ஒன்பது மணிக்கு அவர்கள் என் வீட்டு முற்றத்துக்கு வந்தபோது ஆளாளுக்கு ஆள் நிழல்தான் இருந்தது, கையெழுத்து வாங்கும்போது ஒவ்வொருவரையும் தலை முதல் கால் வரை பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு என்பதால் இதை நிச்சயமாகச் சொல்கிறேன். பிறகு டீ வந்தது, போன கூட்டத்தின் குறிப்பை வாசித்தேன், யாரோ தும்மினார்கள், நான் நிமிர்ந்தபோது முற்றம் முழுக்க ஓலை நிழல் ஆடிக்கொண்டிருந்தது, தலைக்கு மேலே ஒரு ஓலையும் இல்லை.

அது எங்களிடமிருந்துதான் விழுகிறது என்று எங்களில் யாருக்கும் முதலில் தெரியவில்லை. கண்டுபிடித்தது மீன்காரி பனியம்மாள். கூடையோடு படியேறி வந்தவள், ஏசுவடியான் சாரின் காலடியிலிருந்து தெரு வரைக்கும் விழுந்து கிடந்த நிழலைப் பார்த்தாள், கூடையை அதற்குள் இறக்கினாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"சார், அப்பிடியே நில்லுங்க. நவுந்துராதீங்க. நெத்திலி வெந்து போச்சி வெயில்ல."

ஏசுவடியான் சார் நின்றார். அவர் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நில் என்றால் நிற்பார்.

சங்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தக்கலையிலிருந்து மலைப்பக்கம் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். மழை உண்டு, வெயில் உண்டு, எந்த நாட்டுப் பனையை நட்டாலும் வேர் பிடிக்கும். பத்திர ஆபீசில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த நான், ஞானசிகாமணி, இந்தச் சங்கத்தை ஆரம்பித்தேன். ஒன்பது பேர். ஒரு ஆளுக்கு ஒரு பனை. உலகத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறு வகைப் பனை இருந்தாலும் சேருகிறவர் ஒன்றைத்தான் தனக்குப் பிடித்தது என்று சொல்ல வேண்டும், தன் வீட்டில் நட்ட அந்த மரத்தின் மேல் கைவைத்து இரண்டு சாட்சிக்கு முன்னால் சொல்ல வேண்டும், சொன்ன பிறகு சாகும்வரை மாற்றக் கூடாது. அதற்கப்புறம் கூட்டத்தில் அவருக்கு அந்தப் பனையின் பெயர்தான். ஹோமியோபதி டாக்டர் சொர்ணப்பனுக்கு நரிவால், ஆஸ்திரேலியப் பனை, ஓலை நரிவால் மாதிரியே அடர்ந்து தொங்கும். குவைத்தில் நர்ஸாக இருந்துவிட்டு வந்த எல்சிபாய்க்கு லிப்ஸ்டிக், தண்டு சிவந்து நிற்கிற மலேயாப் பனை. டெம்போ ஓட்டுகிற நேசையனுக்கு பாட்டில், அடி பெருத்து வயிறு தள்ளி நிற்கும், மேலே ஐந்தாறு ஓலைதான். ஏசுவடியான் சாருக்கு குடைப்பனை, ஒரு ஓலைக்குக் கீழே பத்துப் பேர் நிற்கலாம். எனக்கு பிஸ்மார்க். மடகாஸ்கர் பனை. வெள்ளி நிறம், விசிறி விசிறியாக ஓலை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் கையளவு நாற்றாகக் கொண்டுவந்து என் வீட்டுத் தென்பக்கம் வைத்தேன். அதைப் பார்க்கத் திருவனந்தபுரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். விசிறி வாழையைப் பனை என்று சொன்ன ஒரு பேராசிரியரை டீ கொடுக்காமல் அனுப்பியிருக்கிறேன்.

அன்றைக்கு எட்டுப் பேருக்கு நிழல் மாறியது. ஒன்பதாவது ஆள் நான். என் காலடியில் கால்முட்டு வளைந்த ஒரு கிழவனின் நிழல், எப்போதும் போல, கையில் குறிப்பு நோட்டோடு.

"பிஸ்மார்க்குக்கு வரலியே" என்றார் எல்சிபாய்.

"வரும்" என்றேன். "பெரிய மரம். நேரமாகும்."

வரவில்லை.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், ஏன் என்று கேட்டவர்கள் முதல் வாரத்தோடு ஓய்ந்துபோனார்கள்; கோயிலில் ஒன்று சொன்னார்கள், பங்குத்தந்தை ஒன்று சொன்னார், காலேஜிலிருந்து ஒருவர் வந்து டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போனார், அதற்குள் சித்திரை வெயில் ஏறிவிட்டது, வெயில் ஏறியதும் ஏன் என்கிற கேள்வி போய் எங்கே என்கிற கேள்வி வந்துவிட்டது. எங்கே நிற்கிறார் சொர்ணப்பன், எத்தனை மணிக்கு வருவார் எல்சிபாய், பஸ் ஸ்டாப்பில் இன்றைக்கு யார். மெய்யான நிழல் அது, குளிர்ச்சியான நிழல், ஓலை அசையும் சத்தம்கூட மெல்லக் கேட்டது. அதில் இடம் கிடைக்காதவர் ஒருவர் மட்டும்தான், நிழலுக்குச் சொந்தக்காரர், ஏனென்றால் அவர் தண்டு இருக்க வேண்டிய இடத்தில் நின்றார், அவர் தலையில் வெயில் நேராக இறங்கியது. சொர்ணப்பன் கிளினிக் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வைத்தியம் பார்த்தார், நோயாளிகள் அவருடைய நிழலில் வரிசையாக நின்றார்கள், சூரியன் நகர நகர வரிசையும் நகர்ந்து, காலையில் தபாலாபீஸ் வாசலில் நின்றவன் மத்தியானத்துக்குமேல் மருந்து வாங்கும்போது முடிவெட்டுக் கடைக்குள் இருந்தான். எல்சிபாயைக் கல்யாண வீடுகளுக்குக் கூப்பிட்டார்கள், பந்தி முடியும்வரை நிற்பார், அவர் நிழலின் ஓரத்தில் லேசாகச் சிவப்பு ஓடியதால் பெண் வீட்டார் விரும்பினார்கள். நேசையனை யாரும் கூப்பிடவில்லை. அவன் நிழலில் வயிறுதான் பெரிதாக இருந்தது.

"ஓலை அஞ்சு, அதுக்கு இம்புட்டுத் தொந்தி" என்று டெம்போ ஸ்டாண்டில் கிண்டல் செய்தார்கள். "மக்கா, ஒனக்க நிழல்ல ஒரு தீப்பெட்டி காயாம இருக்குமாடே?"

"தீப்பெட்டிய எவன்டே நிழல்ல வைப்பான்?" என்றான் நேசையன், ஆனாலும் அவனுக்கு வருத்தம் இருந்தது.

பாவம் ஏசுவடியான் சார். அவருடைய குடைப்பனை நிழல் நாலுமுக்குச் சந்தி முழுவதையும் மூடும் என்று கண்டுபிடித்த பிறகு அவரை யாரும் விடவில்லை. பத்து மணிக்கு நடுமுக்கில் அவருக்கு ஒரு நாற்காலி, தலைக்கு ஒரு ஈரத்துண்டு. அவரைச் சுற்றிக் காய்கறி, மீன், பூ, ஆட்டோ, லாட்டரி வாங்க கேரளாவுக்குப் போகிறவர்கள், பசு மூன்று. அவர் ஒன்றுக்குப் போக எழுந்தால் சந்தையே எழுந்து வெயிலுக்குக் கைமறைத்துக்கொண்டு திட்டியது. டீ மட்டும் விலையில்லாமல் வந்துகொண்டே இருந்தது, அதனால் அவர் அடிக்கடி எழ வேண்டியும் வந்தது.

நான் தெருவில் நடந்தால் ஜனங்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. முதலில் என் காலடியைப் பார்ப்பார்கள். பிறகு வேறெங்காவது பார்ப்பார்கள்.

வைகாசி முதல் ஞாயிறு கூட்டத்தில் சொர்ணப்பன் எழுந்தார். பேச ஆரம்பிக்கும் முன்பே அவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரிந்துவிட்டது, தொண்டையைச் செருமினால் அந்த மனிதர் ஏதோ ஒன்றைப் பிடுங்கப்போகிறார் என்று அர்த்தம்.

"ஓய் பிஸ்மார்க், தப்பா எடுக்கப்பிடாது. நம்ம எல்லாரும் வாயால சொன்னோம், எனக்குப் புடிச்ச பனை இன்னதுன்னு. இப்பம் நிழலு சொல்லுது. எட்டுப் பேருக்கும் வாயும் நிழலும் ஒண்ணாச் சொல்லுது. உமக்கு வாய் மட்டும்தான் சொல்லுது."

"அதுக்கு?"

"நிழல் யாருக்கு விழுதோ அவருக்குத்தான் பனையோட பேருன்னு ஒரு திருத்தம் போடணும்."

"பனை எனக்க வீட்டுல நிக்குவே. வச்சது நான். தண்ணி ஊத்துனது நான்."

"அது பட்டா. நான் பேரைச் சொல்லுதேன்."

பத்திர ஆபீசில் உட்கார்ந்து ஆயிரம் பேருக்குப் பெயர் மாற்றிக் கொடுத்த நானே இதையும் குறிப்பு நோட்டில் எழுதினேன். திருத்தம் நிறைவேறியது. ஆனி கடைசி ஞாயிறு வரைக்கும் எனக்குத் தவணை. அதற்குள் என் காலடியில் பிஸ்மார்க் விழவில்லையென்றால் பெயரும் போகும், பெயர் இல்லாத ஆள் சங்கத்தில் இருக்க முடியாது என்பதால் நானும் போக வேண்டும். அந்த விதியை எழுதியதும் நான்தான்.

வேறு யாருக்கு என்ன போகிறது, எழுபத்துமூன்று வயதில் எனக்கு அந்தப் பெயர்தான் இருந்தது. ஞானசிகாமணி என்று என்னைக் கூப்பிட்டவர்கள் செத்துப்போனார்கள். என் மனைவி ரோஸ்லெட் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள் இல்லை.

இதற்கு நடுவில் எல்சிபாயின் நாய் ஒரு காரியம் செய்தது. பத்து வருடமாக லிப்ஸ்டிக் பனைக்குக் கீழே படுக்கிற நாய், இப்போது அங்கே படுக்காமல் சுற்றிச்சுற்றி வந்து முனகியது, அவர் போய்ப் பார்த்தால் அந்தச் சிவப்புத் தண்டுகளுக்குக் கீழே ஓலை நிழல் இல்லை, எல்சிபாயின் நிழல் இருந்தது, கொண்டை போட்டு, ஒரு கையால் சேலைத் தலைப்பைச் செருகியபடி. நாய் அதை நக்கப் பார்த்தது. அன்றைக்கே ஆளாளுக்கு வீட்டுக்கு ஓடினார்கள். நரிவாலுக்குக் கீழே சொர்ணப்பன், பாட்டிலுக்குக் கீழே நேசையன், குடைப்பனைக்குக் கீழே ஏசுவடியான் சார் நிம்மதியாக, நாற்காலி இல்லாமல். ஆளிடம் இருந்து போன நிழல் மரத்திடம் இருந்திருக்கிறது, எட்டு வாரமாக ஒருவருக்கும் மரத்தடியைப் பார்க்கத் தோன்றவில்லை. நிழலில் நிற்க ஊரே வரும்போது மரத்தை யார் பார்ப்பார்கள்?

நானும் பார்த்திருக்கவில்லை. கோபத்தில் தென்பக்கத்துக் கதவையே திறக்காமல் இருந்தேன். திறந்தேன்.

என் பிஸ்மார்க்குக்குக் கீழேயும் ஓலை நிழல் இல்லை. ஒரு ஆள் நிழல். ஆனால் நான் இல்லை.

குட்டையான ஆள். தோள் அகலம். ஒரு கால் மடங்கி எதன் மேலோ ஊன்றியிருந்தது, ஒரு கை எதையோ பிடித்திருந்தது, இன்னொரு கை நெற்றியில் வைத்துப் பார்ப்பது போல உயர்ந்து இருந்தது, இடுப்பில் என்னவோ துருத்தியது. யார் என்று தெரியவில்லை. என் வீட்டில், என் பனைக்குக் கீழே, எனக்குத் தெரியாத ஒருவன் சாவகாசமாக நிற்கிறான்.

சங்கம் முழுதும் வந்து சுற்றி நின்றது. சொர்ணப்பன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். பனையை அடையாளம் காண எங்களுக்கு ஒரு முறை உண்டு, வரிசையாகக் கேள்வி கேட்டு ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவோம், அது ஒருநாளும் தப்பியதில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரே முறையும் அதுதான்.

"ஒத்தத் தண்டா, கூட்டத் தண்டா?" என்றார் சொர்ணப்பன்.

"ஒத்தத் தண்டு" என்றான் நேசையன், குந்தி உட்கார்ந்து பார்த்து.

"இறகோலையா, விசிறியோலையா?"

"கைதானே இருக்கு ஓய்."

"வெரல் விரிஞ்சிருக்கா?"

"ஒரு கையில விரிஞ்சிருக்கு."

"அப்பம் விசிறி. எழுதும். முள்ளு?"

"இடுப்புல என்னமோ நீட்டிட்டு நிக்கு."

"முள் உண்டு. பழைய மட்டை தண்டுலே ஒட்டியிருக்கா, உதுந்துருமா?"

"துண்டு ஒண்ணு தோள்ல கெடக்குது போல."

"ஒட்டியிருக்கு" என்று சொர்ணப்பன் எழுதினார். விதையிலை வரைக்கும் கேட்டார்கள். மூன்று மணி நேரம் ஆனது. கடைசியில், ஒற்றைத் தண்டு, விசிறியோலை, முள் உள்ளது, பழைய மட்டை உதிராதது என்பதால், இது தென்அமெரிக்காவின் ஆற்றங்கரைகளில் உள்ளது என்று முடிவானது. பிரேசில் நாட்டுச் சங்கத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்பதென்று தீர்மானம் போட்டுக் கலைந்தார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அவர்கள் போன பிறகு ரோஸ்லெட் கஞ்சித்தண்ணியைச் செடிக்கு ஊற்ற வந்தாள். நிழலைத் தாண்டிப் போனாள், ஊற்றினாள், திரும்பித் தாண்டி வந்தாள்.

"கரண்டுக்காரன் தாணுலிங்கம் எதுக்கு இஞ்ச நிக்கான்?"

"யாரு?"

"தாணுலிங்கம். லைன்மேன். இடுப்புல கட்டிங் பிளையர் இருக்குல்லா. வருசா வருசம் கொப்பு வெட்டன்னு போஸ்ட்ல ஏறுவான், எறங்கி ஒரு செம்பு தண்ணி வாங்கிக் குடிப்பான். இப்பம் குலசேகரத்துக்கு மாத்திட்டாங்கன்னு கேள்வி."

"அவங்க இருக்கும்போது சொல்லப்பிடாதா?"

"எங்கிட்ட யாரு கேட்டா? நீங்க முள்ளு பாத்துட்டு இருந்தீங்க."

தாணுலிங்கத்தை எனக்கு முகத்தால் தெரியாது, பெயரால் தெரியும், ஏனென்றால் அவன்மேல் நான் பதினாறு மனு எழுதியிருக்கிறேன். என் தென்பக்கத்துச் சுவரை ஒட்டி ஒரு மின்கம்பம் உண்டு. மழைக்கு முன்னால், வருடா வருடம் வைகாசியில், கம்பியில் படுகிற மரங்களையெல்லாம் வெட்டிக்கொண்டு வருவார்கள். எதிர்வீட்டு மாமரத்தை மொட்டையடித்தார்கள், தென்னை மட்டையெல்லாம் போயிற்று. என் பிஸ்மார்க்கில் ஒரு ஓலை படக்கூடாது என்று ஒவ்வொரு சித்திரையிலும் முன்கூட்டியே மனு, ஒப்புகைச் சீட்டோடு. ஒரு ஓலையைக்கூட அவர்கள் வெட்டவில்லை. ஒரு வருடம் கம்பத்தில் நீளமான இரும்பு ஒன்றைப் போட்டுக் கம்பியையே இரண்டு முழம் தள்ளிக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மனுவுக்குக் கிடைத்த வெற்றி என்று கூட்டத்தில் வாசித்தேன். கை தட்டினார்கள்.

மூன்று நாள் யோசித்தேன். பிரேசிலிலிருந்து பதில் வராது. ரோஸ்லெட் வாய் திறக்க மாட்டாள். தாணுலிங்கத்தைத் தேடாமல் விட்டால் பிஸ்மார்க் யாருக்கும் இல்லாத பெயராகிவிடும், அப்போது திரும்ப எனக்கே என்று ஒரு வழி பண்ணலாம், முப்பத்தைந்து வருடம் அந்த வேலைதானே பார்த்தேன். தேடினால் நானே கொண்டுபோய்க் கொடுத்ததாகும். நாலாம் நாள் காலையில் குலசேகரத்துக்குப் பஸ் ஏறினேன். எதற்கு ஏறினேன் என்று எனக்கு இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவனுக்கு என் மரம் எப்படிக் கிடைத்தது என்று தெரியாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

தேட வேண்டியிருக்கவில்லை. ரப்பர் சொசைட்டிக்கு எதிரே கம்பம் நட குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள், குழி வெட்டிய நாலு பேரும் நிழலில் நின்றார்கள், அந்த நிழலை நான் தூக்கத்திலும் அடையாளம் சொல்வேன். விசிறி ஒவ்வொன்றும் ஆறு முழம், நடுவில் நிமிர்ந்த குருத்து. நிழல் தொடங்குகிற இடத்தில் வெயிலில் ஒரு குட்டை மனிதன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நீருதானே தாணுலிங்கம்?"

"ஆமா. பனைவீட்டு சார்லா? அம்மா நல்லாயிருக்காங்களா?"

"உம்ம காலடியில கெடக்கது எனக்க பனைக்க நிழலு."

அவன் குனிந்து பார்த்தான். "தெரியும் சார். ரெண்டு மாசமாட்டு இருக்கு. பயலுவளுக்கு வேலை செய்ய நல்லாயிருக்கு. எடுத்துட்டுப் போறதுன்னா போங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

எப்படி எடுப்பது? நின்றேன். குழி வெட்டுகிறவர்கள் இடம் விட்டு, நிழலுக்குள் வந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன். குளிர்ச்சியாக இருந்தது. என் மரத்தின் நிழலில் இரண்டு மாதத்துக்கப்புறம் நிற்கிறேன், பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி.

"நீரு அதை ஏன் வெட்டல?"

"எதை?"

"ஓலைய. எனக்க மனுவப் பாத்துட்டுத்தானே?"

"என்ன மனு?"

"பதினாறு மனு. ஒப்புகைச் சீட்டு இருக்கு."

"எனக்கு மனுவெல்லாம் தெரியாது சார்" என்றான். "மொத வருசம் வெட்டத்தான் ஏறுனேன். கத்தி கையில இருந்திச்சு. மேல போயி பாத்தேன். வெட்டத் தோணல. அடுத்த வருசமும் வெட்டப் போறேன்னு சொல்லித்தான் ஏறுனேன். பாத்துட்டு எறங்கிட்டேன். பெறவு கம்பியத் தள்ளிக் கட்டுனேன், எஞ்சினியர்ட்ட ஏச்சு வாங்குனேன். வருசத்துக்கு ஒருக்க ஏறுவேன். இருவது நிமிசம் இருப்பேன்."

"அதுல அப்பிடி என்ன இருக்கு?"

அவன் என்னைப் பார்த்த பார்வையில் ஏளனம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"நீங்க மேல இருந்து பாத்ததில்லியா?"

"எனக்க பனைடே அது. நாத்துலேர்ந்து பாக்கேன்."

"அது சரி சார். மேல இருந்து பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"அப்பம் நான் என்னத்தச் சொல்ல?" என்று அவன் குழிப்பக்கம் திரும்பிவிட்டான்.

ஆனி கடைசி ஞாயிறு, சாயங்காலம் நாலு மணி. சங்கம் என் தென்பக்கத்து முற்றத்தில் கூடியது. ஏசுவடியான் சார் வந்ததால் சந்தையும் பின்னாலேயே வந்தது, பனியம்மாள் கூடையோடு வந்தாள், சுவருக்கு அந்தப்பக்கம் தெருவே நின்றது. தாணுலிங்கம் ஒரு மூங்கில் ஏணியோடு வந்தான், நான் வரச் சொல்லியிருந்தேன். அவன் கேட்டைத் தாண்டியதும் பிஸ்மார்க்கின் நிழல் முற்றத்தில் பாதிக்கு விழுந்தது, எல்லாரும் ஒரு எட்டு வைத்து அதற்குள் போனார்கள். மரத்தடியில் நின்ற தன் ஆள் நிழலை அவன் மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனதையும் பார்த்தேன்.

"பிரேசில் இல்ல" என்று சொர்ணப்பனிடம் சொன்னேன். "குலசேகரம் செக்‌ஷன். பேரு தாணுலிங்கம். பிஸ்மார்க் இவருதான். எழுதிக்கிடும்."

சொர்ணப்பன் பேனாவைத் திறந்தார், மூடினார். அந்த மனிதர் என்னோடு சண்டை போடத் தயாராக வந்திருந்தார், இப்போது கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "உம்ம பேருவே அது" என்றார், ஏதோ நான்தான் அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்ட மாதிரி.

"எனக்கெதுக்கு சார் பேரு?" என்றான் தாணுலிங்கம். "எனக்குத்தான் தாணுலிங்கம்னு இருக்கே."

"அது உம்ம இஷ்டம். ஏணியக் கம்பத்துல சாத்தும்."

"நெசமாவா சார்?"

"சாத்தும்டே."

ரோஸ்லெட் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். "எழுவத்திமூணு வயசு" என்று ஊருக்குப் பொதுவாகச் சொன்னாள். யாரும் மறுக்கவில்லை. தாணுலிங்கம் போன் பண்ணிப் பத்து நிமிடத்துக்கு லைனை நிறுத்தினான், தெரு முழுக்க மின்விசிறிகள் நின்றன, டிவிகள் நின்றன, எதிர்வீட்டில் மிக்ஸி நடுவில் நின்றது, எந்தக் கழுதடே கரண்ட நிப்பாட்டுனது என்று ஒரு குரல் கேட்டது. என் இடுப்பில் கயிறு கட்டி, மேல்முனையைக் கம்பத்து இரும்பில் சுற்றிவிட்டு, அவன் எனக்குப் பின்னாலேயே ஒவ்வொரு படியாக ஏறிவந்தான். முட்டு நொந்தது. பாதியில் நின்று மூச்சு வாங்கினேன். மட்டைகளின் உயரத்துக்கு வந்தேன், அதுவரை எனக்கு எல்லாம் தெரிந்தது, மட்டையின் ஓரத்துப் பழுப்பு நூல், அடிப்பக்கத்து வரி, ஓலை மட்டையோடு சேருகிற இடத்து நாக்கு, ஒவ்வொன்றுக்கும் பெயர் தெரிந்தது. இன்னும் ஆறு படி ஏறினேன். தலை கிரீடத்துக்கு மேலே போனது. குனிந்து பார்த்தேன்.

வெள்ளி இல்லை. நான் இருபத்திரண்டு வருடம் வெள்ளி என்று எழுதியிருந்தேன், சங்கத்துக் குறிப்பில், திருவனந்தபுரத்துக்காரர்களுக்குச் சொன்ன விளக்கத்தில், மனுவில்கூட. அது வெள்ளி இல்லை, நீலமும் இல்லை, என்ன நிறம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஓலைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றிச் சுற்றி இறங்கிப் போயின, ஒவ்வொரு சுற்றுக்கும் வேறு நிறம், உள்ளே போகப் போக மாவு பூசியது போல ஒரு வெளிர்ப்பு, மட்டைகள் பிரிகிற இடத்தில் போன மழைத் தண்ணீர் தேங்கி அதில் ஆகாயம் துண்டு துண்டாக இருந்தது, ஒரு தவளை உட்கார்ந்து என்னைப் பார்த்தது, காக்கா போட்ட ஒரு சாளை மீன் தலை காய்ந்து கிடந்தது, எல்லாவற்றுக்கும் நடுவில் இன்னும் விரியாத குருத்து, என் முகத்துக்கு நேராக, மடிப்பு மடிப்பாக, கை நீட்டினால் தொடலாம். நான் தொடவில்லை. இதை நான் பார்த்ததே இல்லை. கீழே என் வீட்டில் நிற்கிற பனைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை.

"தாணுலிங்கம்" என்றேன், திரும்பாமல்.

"சொல்லுங்க சார்."

"இது என்ன பனைடே?"

"பேரெல்லாம் எனக்குத் தெரியாது சார்."

"எனக்கும் தெரியல."

கீழேயிருந்து சொர்ணப்பன் என்னவே தெரியுது, என்னவே தெரியுது என்று கத்தினார். பிறகு கூட்டத்தில் ஒரு சலசலப்பு, எல்சிபாய் என் நிழலைக் காட்டி ஓலை, ஓலை என்று உரக்கச் சொன்னார், நேசையன் ஓடிவந்து பார்த்தான் போல, பனியம்மாள் சிரித்தாள், ரோஸ்லெட் இஞ்ச பாருங்க, கீழ பாருங்க என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். நான் பார்க்கவில்லை.

"பத்து நிமிசம் ஆச்சு சார். லைன் விடணும். எறங்கலாம்."

"இரும்."

"தெருவுல ஏசுதாங்க."

"ஏசட்டும்டே. இரும்" என்றேன்.